உட்பக்கம் பார்த்த துப்பாக்கித் துளை

2011 மார்ச் 19, சனிக்கிழமை. விடியற்காலை முதல் ஒன்பது மணி வரை பனி கலந்த மழை; அதன்பின் எலும்பைத் துளைக்கும் கிழக்குக் காற்று. வானம் துலக்காத ஈயப் பாத்திரத்தைப் போலிருந்தது. இத்தகைய நாளில் எங்கள் பக்கத்து மனிதர் எவரும் இடிந்த கட்டடத்தைப் பார்ப்பதற்காக வெளியே வரமாட்டார். இருவர் வந்தனர். ஒருவர் எடின்பரோவிலிருந்து காரில் வந்த டாக்டர் கிரைட்டன். பழங்கட்டடங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர் தொழில். மற்றவர் குவின்டின் ரஸ்கெல். ‘கிரேஷீல் கோபுரத்தின் பிரபு’ என்று தம் கடிதத் தாளில் தாமே அச்சிட்டுக்கொண்டவர்.

அன்று தீர்மானிக்கப்பட வேண்டியது ஒன்றே. கோபுரத்துக்குத் தெற்கே என் பண்ணை முற்றம் இருக்கிறது. அதில் மாட்டுத் தொழுவமும் ஆடுகள் குட்டி ஈனும் கொட்டகையும் உண்டு. முற்றத்தின் தென்கோடியில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு கல்மதில். 1921-ஆம் ஆண்டு எஸ்டேட் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, என் பாட்டனார் பண்ணையை வாங்கினார். ‘கோபுரமும் அதன் பழைய சுற்றுமதிலுக்கு உட்பட்ட நிலமும் நீங்கலாக’ என்று பத்திரம் கூறுகிறது. நீங்கலாக வைக்கப்பட்டதை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ரஸ்கெல் அதை வாங்கினார். தென்மதிலே அந்தப் பழைய சுற்றுமதில் என்று நிரூபணமானால் முற்றம், தொழுவம், கொட்டகை அனைத்தும் அவருக்கு. அது வெறும் பண்ணைச் சுவர் என்றால் எனக்கு. இருநூற்று எண்பது ஆடுகள் இன்னும் பதினெட்டு நாட்களில் ஈனத் தொடங்கும். அவற்றை மலைச்சரிவில் இந்தக் காற்றில் விட்டால் பாதிக் குட்டிகள் காக்கைக்கு. வழக்காடினால் இருவர் ஆயுளும் போதாது என்பதால், டாக்டர் கிரைட்டன் எழுதித் தருவதே இறுதி முடிவு என்று இருவரும் முன்னதாகவே கையொப்பமிட்டிருந்தோம்.

கோபுர வீடு என்பதைப் பற்றி மக்கள் பெருமையாகப் பேசுவதை நான் அறுபத்தாறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதன் இலக்கணம் எளியது. அடுத்தவன் மாட்டைத் திருடியவன், தன் மாட்டைத் திருட வருபவனுக்கு அஞ்சி, நான்கு மாடி உயரத்துக்குக் கட்டி வைத்த பயமே கோபுர வீடு. கீழே சன்னல் இல்லாத வளைகூரை அறை, அதில் மாடுகள். அதற்கு மேலே கூடம். அதில் மாடுகளின் வாடையோடு மனிதர்கள். சுவரின் கனம் ஆறடி. அதற்குள்ளேயே ஒரு கழிவறை. அதன் துளை வாசலுக்கு நேர் மேலே திறந்திருந்தது. இத்தகைய நுண்ணறிவு படைத்த குடும்பத்தின் வழித்தோன்றல் தாம் என்பதை நிலைநாட்டுவதற்காக ஒருவர் சஸ்ஸெக்ஸில் தம் குளியல்தொட்டி வியாபாரத்தை விற்றுவிட்டு வந்தார் என்றால், அந்த இரத்தத் தொடர்பை நான் மறுக்கப் போவதில்லை.

ரஸ்கெல் அன்று மடிப்புப் பாவாடையான கில்ட் அணிந்து வந்திருந்தார். அது வடக்கே மலைநாட்டார் உடை. ஆங்கிலேயர் நாட்டை ஒட்டிய எங்கள் எல்லைப்புறத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பார்களே தவிர, அவருடைய முன்னோர்கள் கில்ட் உடுத்தியவனைக் கண்டால் அவனுடைய மாட்டையும் சேர்த்து ஓட்டி வந்திருப்பார்கள். கிழக்குக் காற்றுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அவருடைய இரண்டு கைகளையும் அது ஓயவிடவில்லை.

என் தம்பி டாண்டியும் உடனிருந்தான். கிராமத்தில் தச்சு வேலை செய்கிறான். பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஏப்ரலிலும் குட்டி ஈனும் காலம் முழுவதும் என்னோடு கொட்டகையில் நிற்பவன் அவன் ஒருவனே. அவனுக்கு வேறொரு பதவியும் உண்டு. ஜூலை மாதத்தில் ஊர் எல்லைச் சவாரி நடக்கும்போது, அறுபது குதிரைகள் கிரேஷீல் கோபுரத்தின் முன்னால் வந்து நிற்கும். அப்போது டாண்டி சேணத்தின் மீது எழுந்து நின்று, 1545-இல் ஆங்கிலேயப் படை இக்கோபுரத்தைக் கொளுத்தியதையும், ஒரு கல்கூடச் சரணடையாததையும் உரத்த குரலில் வாசிப்பான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு அனைவரும் குடிக்கப் போவார்கள்.

டாக்டரைக் கோபுரத்துக்குள் அழைத்துச் சென்றவர் ரஸ்கெல். கூரை இல்லை, மேற்கு மூலை முழுவதும் இல்லை, மூன்றாம் மாடியின் கணப்படுப்பு ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சுழற்படி மட்டும் பதினெட்டுப் படிகள் வரை எஞ்சியிருந்தது.

“இது ஏன் வலப்பக்கமா சுத்துதுன்னு தெரியுமா டாக்டர்? கீழேருந்து ஏறி வர்ற எதிரிக்கு வாள் வீச இடம் கிடைக்காது. மேல நிக்கிற எங்க ஆளுங்களுக்குக் கை தாராளமா வரும்,” என்றார் ரஸ்கெல்.

“அப்படி ஒரு கருத்து இருக்கு,” என்றார் டாக்டர்.

“எங்க சர்ச் மணிக்கூண்டுப் படியும் இதே பக்கமாத்தான் சுத்துது,” என்றேன். “அங்க பாதிரியார் யாரை வெட்டுறதுக்கு நின்னாராம்?”

“மிஸ் பர்வ்ஸ் சாயங்கால வகுப்புல படிக்கிறாங்க,” என்று ரஸ்கெல் டாக்டரிடம் கூறினார். குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்வது போன்ற குரல்.

“படிச்சு முடிச்சாச்சு. முதல் வகுப்புல தேறினேன். நீங்க வாங்கின பத்திரத்தைக்கூட வரிக்கு வரி படிச்சேன். நீங்க படிச்சிருந்தா இங்க நின்னுருக்க மாட்டீங்க.”

டாக்டர் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். அவர் எழுதும் அழகையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்தவுடன், அதிலிருந்து தப்பிச் செல்ல ஒரு வழியை ஓரத்தில் எழுதிக்கொள்வார். ‘அதை முழுசா ஒதுக்கிட முடியாது’ என்பது அவர் நாவில் எப்போதும் தயாராக இருந்த தொடர். அன்று பதினோரு முறை சொன்னார், எண்ணினேன்.

பிறகு தென்மதிலுக்கு வந்தோம். ரஸ்கெலின் துருப்புச் சீட்டு அங்குதான் இருந்தது. முந்தைய இலையுதிர் காலத்தில், நான் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, அவர் என் முற்றத்துக்குள் புகுந்து மதிலில் படர்ந்திருந்த ஐவிக்கொடியைப் பிய்த்திருந்தார். அதன் அடியில் ஒரே கல்லில் குடைந்த துப்பாக்கித் துளை இருந்தது: படுக்கைவாட்டில் நீண்ட முட்டை வடிவம், அகன்ற வாய், நடுவே குறுகிய தொண்டை. கோபுர வீடுகளின் காலத்துக்கே உரிய வேலைப்பாடு, ஐயமே இல்லை.

“பண்ணைச் சுவத்துல எந்தக் குடியானவன் துப்பாக்கித் துளை வெப்பான்? இது என் முன்னோர் கட்டின சுற்றுமதில். வேற எதுவா இருக்க முடியும்?” என்றார் ரஸ்கெல்.

டாக்டர் குனிந்து துளையின் விளிம்பைத் தடவினார். அவர் முகத்தில் ஒரு முடிவு மெல்ல உருவாவதைக் கண்டேன்.

“மிஸ்டர் ரஸ்கெல், துப்பாக்கித் துளையோட அகலமான வாய் எந்தப் பக்கம் இருக்கும்?” என்று கேட்டேன்.

“வெளிப்பக்கம். எதிரி வர்ற பக்கம். குழலை இப்படி அப்படித் திருப்பணும்ல.”

“இந்த வாய் எந்தப் பக்கம் பாக்குது?”

அவர் பார்த்தார். வாய் முற்றத்தை நோக்கியிருந்தது. முற்றத்துக்கு அப்பால், நேர் எதிரே, கோபுரத்தின் வாசல்.

“அப்ப உங்க பெரியவங்க வெளிய வயல்ல நின்னுக்கிட்டு, சொந்தச் சமையற்கட்டுக்குக் குறி வெச்சிருக்காங்க,” என்றேன். “சாப்பாடு அவ்வளவு மோசமா இருந்துச்சோ என்னவோ.”

டாண்டி சிரிப்பை அடக்கிக்கொண்டான். ரஸ்கெலின் காதுகள் சிவந்தன. ஆயினும் அவருக்கு உதவி வேறு திசையிலிருந்து வந்தது.

“அதை வெச்சு மட்டும் முழுசா ஒதுக்கிட முடியாது,” என்றார் டாக்டர். “பின்னாடி பழுது பாக்கும்போது அந்த ஒரு கல்லைத் திருப்பி வெச்சிருக்கலாம். மதில் பழசு, கல்லு மட்டும் மாறினது. நடக்கிறதுதான்.”

“அதேதான். நான் சொல்ல வந்ததும் அதேதான்,” என்றார் ரஸ்கெல்.

“சுவத்தைத் திறந்து உள்ள பாத்தா?” என்று கேட்டேன்.

டாக்டர் கோபுரத்தையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார். “கோபுரம் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதைத் தொட முடியாது. இந்தச் சுவர் அந்தப் பட்டியல்ல இல்ல, திறக்கலாம். ஆனா மிஸ் பர்வ்ஸ், உள்ள பழைய சுண்ணாம்பும் சரளையும் மட்டும்தான் இருக்குன்னா, நான் இவர் பக்கம்தான் எழுத வேண்டியிருக்கும். இப்பவே சொல்லிடறேன்.”

அதுவரை அவர் பேசியவற்றில் தப்பிச் செல்லும் வழி இல்லாத ஒரே வாக்கியம் அது. நான் சம்மதித்தேன். ரஸ்கெலும் சம்மதித்தார்.

கடப்பாரை எடுக்கப் போன என்னை டாண்டி தொழுவத்தின் பின்னால் நிறுத்தினான்.

“மினா, அதைத் திறக்காத.”

“ஏன்?”

“ஏன்னு உனக்குத் தெரியும். அப்பா சாகறதுக்கு முந்தின குளிர்காலம் சொன்னாரே. ரெண்டு பேரும்தான கேட்டோம்.”

அப்பா மூன்று கிளாஸ் விஸ்கிக்குப் பிறகு சொன்னது இதுதான்: அவருடைய கொள்ளுத்தாத்தா ஆடம் பர்வ்ஸ், குத்தகைக்காரனாக இருந்த காலத்தில், இரண்டு கோடைகளில் நாற்பது வண்டிக் கல்லைக் கோபுரத்திலிருந்து பிரித்து எடுத்துத் தொழுவமும் மதிலும் கட்டினாராம். எஸ்டேட் மேலாளர் கேட்டபோது, தாமாகவே இடிந்து விழுந்தவை என்றாராம்.

“குடிச்சுட்டுச் சொன்னதை டாக்டர் ஏத்துக்க மாட்டாரு. சுவரு சொன்னா ஏத்துப்பாரு,” என்றேன்.

“இருபத்தாறு வருஷமா குதிரை மேல நின்னு, இங்கிலீஷ்காரன் கொளுத்தினான்னு படிக்கிறேன். நம்ம முப்பாட்டன் வண்டி கட்டித் தூக்கிட்டுப் போனான்னு தெரிஞ்சா, ஊர்ல எந்த மூஞ்சியோட நிக்கிறது?”

“இப்ப இருக்கிற மூஞ்சியோடதான். வேற மூஞ்சிக்கு எங்க போவ?”

“உனக்கு எல்லாமே இளக்காரம். பண்ணையை விக்கச் சொல்லியா கேட்டேன்? இந்த முற்றத்தை விடு. என் இடத்துல புதுக் கொட்டகை போட்டுத் தர்றேன். நானே போடுறேன்.”

“பதினெட்டு நாள்ளயா?”

கடப்பாரையை அவன் எடுத்துத் தரவில்லை, நானே எடுத்தேன்.

துளையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, இடுப்புயரத்தில் தொடங்கினேன். முகப்புக் கற்கள் நான்கை நெம்பி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே சுண்ணாம்பு, சரளை, உடைந்த கருங்கல். ரஸ்கெல் குனிந்து முகர்ந்தார்.

“சுண்ணாம்பு. பாத்தீங்களா டாக்டர்? சுத்தமான பழைய சுண்ணாம்பு.”

மேலும் தோண்டினேன். சுண்ணாம்பு, சரளை, மறுபடியும் சுண்ணாம்பு. உள்ளங்கை கிழிந்து கடப்பாரைப் பிடி வழுக்கியது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார். அந்த மூடி திறந்த மெல்லிய ஓசையில் நான் இருநூற்று எண்பது ஆடுகளையும் மலைச்சரிவில் பார்த்தேன். கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினேன். விரலில் கூர்மையாக ஏதோ அறுத்தது.

தட்டுத் துண்டு அது. வெள்ளையில் நீலக் கோடுகள். ஒரு சிறு பாலத்தின் பாதியும் ஒரு பறவையின் வாலும் அதில் தெரிந்தன. டாக்டர் அதை வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

“இந்த மாதிரி அச்சு போட்ட தட்டு ஆயிரத்து எண்ணூறை ஒட்டித்தான் சாதாரண வீடுகளுக்கு வந்துச்சு,” என்றார்.

“எலி இழுத்துட்டு வந்திருக்கும்,” என்றார் ரஸ்கெல்.

“தட்டையா?” என்றேன். “உங்க பரம்பரை எலியா இருக்கும். மாடு கிடைக்காத காலத்துல.”

“எலியை முழுசா...” என்று டாக்டர் தொடங்கினார். அதற்குள் நான் மறுபடியும் கடப்பாரையைச் செலுத்திவிட்டேன். இம்முறை அது பெரிய கல் ஒன்றின் மீது இடித்தது. சுற்றியிருந்த சரளையை வாரி எறிந்தேன். மதிலின் வயிற்றுக்குள் குப்புறக் கிடந்தது ஒரு செதுக்கிய பலகைக்கல். நானும் டாக்டரும் சேர்ந்து அதைப் புரட்டிப் புல்லின் மீது தள்ளினோம்.

கேடயம், அதில் மூன்று மான் தலைகள், கீழே 1586, இருபுறமும் குடும்பத்தின் முதலெழுத்துக்கள். ரஸ்கெல்களின் மரபுச் சின்னம் அது. ஒரு காலத்தில் கோபுர வாசலின் மேல் பதித்திருந்த கல். நூற்று எண்பது ஆண்டுகளாகத் மதிலின் ஈரத்தில் ஊறியதால், மான்களின் மூக்குகள் பச்சை பூத்திருந்தன.

ரஸ்கெல் ஈரத்தில் மண்டியிட்டு அதன் மீது இரு கைகளையும் வைத்தார். அவர் கண்கள் கலங்கின. தம் வழக்கைக் கொன்ற கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் ஆனந்தக் கண்ணீர் வடிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“இது எங்களோடது. இதுதான் ஆதாரம்,” என்றார்.

“ஆதாரம்தான்,” என்றார் டாக்டர். அவர் குரல் முதன்முறையாக மனிதக் குரல் போலிருந்தது. “வாசல் மேல இருந்த கல்லு, சுவத்துக்குள்ள அடைப்புக் கல்லாக் கிடக்குன்னா, கோபுரத்தைப் பிரிச்ச பிறகுதான் இந்தச் சுவத்தைக் கட்டியிருக்காங்க. துப்பாக்கித் துளையும் அதே வண்டியில வந்திருக்கும். எந்தப் பக்கம் வெளிப்பக்கம்னு கட்டினவனுக்குக் கவலையே இல்ல.” கல்லின் முகத்தை நகத்தால் சுரண்டினார். “இன்னொண்ணு. இந்த வகை மணற்கல் பெருந்தீ பட்டா சிவந்து போகும். இதுல செம்மை துளிகூட இல்ல. வாசல் நிலைக்கல்லையும் காலையில பாத்தேன், அங்கயும் இல்ல. தேதியும் பாருங்க. ஆயிரத்து ஐந்நூத்து எண்பத்தாறு. நாப்பத்தஞ்சுல எதைக் கொளுத்தியிருந்தாலும் இந்தக் கோபுரத்தைக் கொளுத்தல. இது அப்ப இல்லவே இல்ல. இது எரிஞ்ச வீடு இல்ல, பிரிச்ச வீடு.”

டாண்டி நான்கடி தொலைவில் நின்றிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். குல்லாவைக் கழற்றி, அதன் உட்புறத்தை ஆராய்வது போல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மாடு திருடிகளுக்காக ஆங்கிலேயப் படை மீது இருபத்தாறு ஆண்டுகள் கோபப்பட்டவன், கடைசியில் தன் முப்பாட்டன் மீது கோபப்பட முடியாமல் நின்றான். அந்தக் கோபம் எங்கே போகும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் சமையலறை மேசையில், பார்லி சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில், டாக்டர் கிரைட்டன் தம் முடிவை எழுதினார். தென்மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பண்ணைச் சுவர். அதற்கு உட்பட்ட முற்றம் பண்ணையைச் சேர்ந்தது. ஓரக்குறிப்பு எதுவும் எழுதவில்லை. சூப் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

ரஸ்கெல் போகவில்லை. முற்றத்தில் அந்தக் கல்லின் பக்கத்திலேயே நின்றார்.

“மிஸ் பர்வ்ஸ், சுவரு உங்களோடதுன்னா கல்லும் உங்களோடதுதான். தெரியும். ஆனா உங்களுக்கு இதால என்ன உபயோகம்?”

“ஓட்டையை அடைக்கலாம். இதுவரைக்கும் அதான் செஞ்சுட்டிருந்துச்சு. வருஷக்கணக்கா ஒரு வேலையை ஒழுங்கா செஞ்ச ஒரே ரஸ்கெல் இதுதான்.”

குளிரில் அவருடைய முழங்கால்கள் நீலமாகியிருந்தன. அந்த முழங்கால்களைப் பார்த்துச் சலித்துப்போனதால், வேறு காரணம் எதுவும் இல்லை, “எடுத்துட்டுப் போங்க,” என்றேன்.

அவர் தூக்கிப் பார்த்தார். ஓர் ஓரம்கூட எழும்பவில்லை. அப்போது டாண்டி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தொழுவத்திலிருந்த சாணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இருவரும் சேர்ந்து கல்லை அதில் ஏற்றினர்.

“நீங்க அந்தப் பக்கம் பிடிங்க சார். முதுகை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க,” என்று டாண்டி அவருக்குச் சொல்லிக் கொடுத்தான். எனக்கு அவன் அவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வண்டியைத் தள்ளத் தொடங்கும்முன் என் பக்கம் திரும்பினான்.

“ஏப்ரலுக்கு வேற யாரையாவது பாத்துக்க, மினா.”

“யாரை?”

“தெரியல. படிச்சவ நீதான. தேடிப் பாரு.”

“ஒரு பொய்க்காக இருநூத்தி எண்பது ஆட்டை என் தலையில போட்டுட்டுப் போறியா?”

“பொய்யோ கிய்யோ, அதை வெச்சு நான் ஊர்ல ஒரு ஆளா இருந்தேன். உனக்கு முற்றம் கிடைச்சிருச்சு. வெச்சுக்க.”

இருவரும் வண்டியைக் கோபுரத்தை நோக்கித் தள்ளினர். சேற்றில் சக்கரம் இருமுறை சிக்கியது. இருமுறையும் டாண்டி நெம்பினான். ரஸ்கெல் ஒரு கையால் கில்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் உதவுவதாகப் பாவனை செய்தார். வாசலுக்குக் கீழே நிறுத்தி, கல் முன்பு எங்கே இருந்திருக்கும் என்று இருவரும் கைநீட்டிப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் கைநீட்டியது கழிவறைத் துளையை நோக்கி. நான் கூவிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சற்று நேரத்தில் டாண்டியின் வேன் கிராமத்துப் பாதையில் இறங்கிப் போயிற்று.

கல்லைப் புரட்டியபோது மறுபக்கமும் சரிந்து, மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கிழக்குக் காற்று மதிலோரமாகச் சுழன்று வந்து, அதன் வழியே கொட்டகைக்குள் அடித்தது. அப்படியே விட முடியாது. நான் ஒருத்தியாகவே சரளையை வாரிப் போட்டு, முகப்புக் கற்களை ஒவ்வொன்றாக உருட்டி ஏற்றினேன். மான் தலைக் கல் இருந்த இடத்தை நிரப்ப ஒன்பது கருங்கற்கள் தேவைப்பட்டன. நான்காவது முகப்புக் கல்லுக்கு மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், ஆள் இல்லை. கடப்பாரையை அடியில் கொடுத்து, தோளை முட்டுக் கொடுத்து, நான்கு முறை தவறவிட்டு, ஐந்தாம் முறை அதை உள்ளே தள்ளினேன். கல் உட்கார்ந்தது, காற்று நின்றது. அப்போது மணி மாலை ஐந்து பன்னிரண்டு.